அத்திசைச் சோறும் ஒரு வருட எம்.எஸ்சி.யும்

மேற்படிப்புக்கு வெளிநாடு போகிறவர்களுக்கு ஊரில் ஆளாளுக்கு ஒரு பட்டியல் தருவார்கள். சின்ன குக்கர், கொட்டை எடுத்த புளி, பருப்புப் பொடி, தைலம், தெர்மல் பனியன், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. கவிதைப் புத்தகம் எடுத்துப் போ என்று ஒருவரும் சொல்வதில்லை. நாமாக எடுத்து வைத்தாலும், பெட்டியை எடை போடும்போது முதலில் வெளியே வருவது அதுதான். எங்கள் வீட்டில் 23 கிலோ கணக்கில் உரையோடு கூடிய புறநானூறு ஒரு பக்கம், கேழ்வரகு மாவு ஒரு பக்கம் என்று நின்றபோது அம்மா மாவுக்குத்தான் ஓட்டுப் போட்டார். புத்தகம் தோள்பைக்கு மாறியது. போய்ப் பார்த்தால் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் கேழ்வரகு மாவு நம்மூர்ச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கிறது, புறநானூறுதான் கிடைக்கவில்லை. அடுத்துப் போகிறவர்கள் இதை மனதில் வைத்துப் பெட்டி கட்டுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் பென்னாகரம் பக்கம். சிவில் முடித்து, ஓசூரில் கொஞ்ச காலம் வேலை பார்த்து, அப்புறம் நீர்வள மேலாண்மை படிக்க ஸ்காட்லாந்து போனேன். பிரிட்டனில் முதுநிலை பெரும்பாலும் ஒரே வருடம்தான். செப்டம்பரில் சேர்ந்தால் ஏப்ரல், மே வரை வகுப்பும் தேர்வும், அதன் பிறகு ஆகஸ்ட் வரை ஆய்வேடு. ஒரு வருடத்தில் முடிந்துவிடும் என்பது கேட்க நன்றாக இருக்கும், உள்ளே போனால் மூச்சுவிட இடம் இருக்காது. இதில் கவிதைக்கு ஏது நேரம் என்று என்னிடம் கேட்டவர்கள் நிறைய. பதில் கொஞ்சம் நீளம்.

முதலில் பணத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது எல்லாவற்றுக்கும் அடியில் ஓடிக்கொண்டிருந்தது. கல்விக் கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் பொதுத்துறை வங்கிகள் பொதுவாகச் சொத்து ஈடு கேட்கும். எங்களிடம் இருந்தது புளியமரம் நிற்கும் மானாவாரி நிலம். விவசாய நிலத்தைப் பல வங்கிகள் ஈடாக எடுப்பதில்லை. தர்மபுரி டவுனில் இருந்த மாமாவின் வீட்டுப் பத்திரம்தான் என்னை விமானம் ஏற்றியது. படிக்கும் காலத்திலும் அதற்குப் பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். வட்டி மட்டும் முதல் நாளிலிருந்தே ஏறும். முடிந்தால் அந்த வட்டியையாவது மாதாமாதம் கட்டிவிடுங்கள். விசாவோடு சுகாதாரக் கட்டணம் வேறு உண்டு. 2024 பிப்ரவரியிலிருந்து மாணவர்களுக்கு வருடத்துக்கு 776 பவுண்ட். ஒரு வருடப் படிப்புக்கு விசா அதைவிடச் சில மாதம் கூடுதலாகக் கிடைக்கும் என்பதால் ஒன்றரை வருடக் கணக்கில் 1,164 பவுண்ட் கையைவிட்டுப் போகும். இதை ஏஜென்ட்டுகள் கடைசியில்தான் சொல்வார்கள்.

கவிதை ஆறுதல் தரும் என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அது அப்படி வேலை செய்யவில்லை. ஆறுதலுக்கு வீடியோ காலில் தங்கையின் முகம் போதும். கவிதை எனக்குச் செய்தது வேறு. எதிரே இருப்பதைப் பார்க்க வைத்தது, ஆள் சேர்த்துக் கொடுத்தது, கடைசியில் ஆய்வேட்டுக்கும் உதவியது. அதற்குக் காரணம் நான் எடுத்துப் போன அந்த ஒரு புத்தகம், அதிலும் குறிப்பாக எங்கள் ஊர்ப் பாட்டுகள்.

தர்மபுரிதான் பழைய தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் ஔவை என்றால் நெல்லிக்கனி, நெல்லிக்கனி என்றால் ஔவை. ஆண்டு விழா நாடகத்தில் ஒரு பிள்ளைக்கு வெள்ளை நூலில் நரைமுடி வைத்து, கையில் கோலைக் கொடுத்து நிற்க வைப்பார்கள். ஆனால் அதே ஔவை அதியமான்மேல் கோபித்துக்கொண்டு பாடிய பாட்டு ஒன்று உண்டு, புறநானூற்றில் 206ஆம் பாட்டு. பரிசில் தராமல் அவன் நாள் கடத்துகிறான். ஔவை அவனிடம்கூடப் பேசவில்லை, வாயில் காப்பவனைக் கூப்பிட்டுச் சொல்கிறார்: உன் தலைவனுக்குத் தன்னைத் தெரியாதா, இல்லை என்னைத் தெரியாதா? அறிவும் புகழும் உடையவர்கள் செத்துப்போய் உலகம் ஒன்றும் காலியாகிவிடவில்லை. யாழை எடுத்துக்கொண்டோம், மூட்டையைக் கட்டிவிட்டோம். கைத்திறன் உள்ள தச்சன் பிள்ளைகள் மழுவோடு, அதாவது கோடாலியோடு, காட்டுக்குள் போனால் எப்படியோ, அப்படித்தான் எங்களுக்கும். 'எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே.'

யோசித்துப் பார்த்தால், தர்மபுரியை விட்டுக் கிளம்புவதைப் பற்றி இதைவிடப் பழைய கவிதை இருக்க வாய்ப்பு குறைவு. அதில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. மண்வாசனை இல்லை, தாயின் மடி இல்லை. மூட்டை இருக்கிறது, கைத்தொழில் இருக்கிறது, நியாயமான எரிச்சல் இருக்கிறது. எனக்கு வழியனுப்பு விழா வைத்த கல்லூரியில் ஒரு ஐயா இந்தக் கடைசி வரியை மட்டும் மேடையில் சொல்லி வாழ்த்தினார். அப்போது அது வாழ்த்தாகத்தான் கேட்டது. அங்கே ஒரு ஓட்டல் சமையல்கட்டில், கையுறை போட்டுக்கொண்டு தட்டு கழுவும் வேலையில் நின்றபோது அந்தத் தச்சன் பிள்ளைகள்தான் நினைவுக்கு வந்தார்கள். காட்டுக்குள் போவது மட்டும் போதாது, கையில் மழு இருக்க வேண்டும் என்று அந்தப் பாட்டிலேயே இருக்கிறது. மேடையில் அந்தப் பாதியை யாரும் சொல்வதில்லை.

வேலை என்றதும் ஒன்று. மாணவர் விசாவில் படிப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். நம் பிள்ளைகள் பலர் ஜூன் வந்தால் கோடை விடுமுறை, முழு நேரம் வேலை செய்யலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். இளநிலை மாணவர்களுக்கு அது சரி. முதுநிலையில் ஆய்வேடு எழுதும் கோடை மாதங்களும் படிப்புக் காலம்தான், அந்த 20 மணி நேரம் அப்போதும் உண்டு. எட்டு மணி நேர ஷிப்ட் கூடுதலாகக் கிடைக்கிறது என்று ஆசைப்பட்டு விசாவைப் பணயம் வைக்க வேண்டாம். அந்த மாதங்களுக்கான செலவை முன்பே ஒதுக்கி வையுங்கள்.

அங்கே போன புதிதில் தமிழ் மாணவர் குழுவில் எல்லாரும் கவிதை எழுதுவார்கள். மழை, அம்மா, இட்லி, பேருந்து ஜன்னல். நானும் எழுதினேன், நிறைய இதயங்கள் விழுந்தன. அதில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கவிதையை மதுரைக்காரர் டொராண்டோவிலிருந்து எழுதலாம், கோவைக்காரர் துபாயிலிருந்து எழுதலாம், ஒரு வரியும் மாறாது. எழுதுகிறவர் எங்கே நிற்கிறார் என்றே அதில் இருக்காது. சங்கப் பாட்டில் தலைவி பிரிவில் வாடினாலும் பக்கத்தில் என்ன மரம், என்ன பூ, எந்தப் பறவை கத்தியது என்பது இருக்கும். பிரிவின் ஏக்கத்தைவிட அந்தப் பறவைதான் இரண்டாயிரம் வருடம் தாண்டி நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்பது என் கட்சி. இதற்கு எதிர்க்கட்சியும் உண்டு, என் அறைத்தோழி ஒருத்தி கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

அதனால் நான் ஒரு சின்ன நோட்டு வாங்கி, உணர்ச்சி எதுவும் இல்லாமல், கண்ணில் பட்டதை எழுத ஆரம்பித்தேன். பெயர் தெரியாவிட்டால் யாரையாவது கேட்பது. ஸ்காட்லாந்துக்காரர்களோடு பேச்சைத் தொடங்க வானிலையைவிட நல்ல வழி இது. 'இது என்ன செடி?' என்று கேட்டால் நாய் கூட்டிப் போகிற பெரியவர்கூட நின்று பத்து நிமிடம் சொல்வார். நகரத்தின் நடுவிலேயே ஆர்தர்ஸ் சீட் என்று ஒரு மலை இருக்கிறது, அணைந்துபோன எரிமலை. வசந்தத்தில் அதன் சரிவெல்லாம் கார்ஸ் என்ற முள்புதர் மஞ்சளாகப் பூக்கும். கிட்டே போனால் தேங்காய் வாசனை. சத்தியமாகத் தேங்காய்தான். முதல் தடவை முகர்ந்தபோது யாரோ தலைக்கு எண்ணெய் வைத்திருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். அந்த எரிமலைக்கு வயது சுமார் 34 கோடி வருடம் என்று களப்பயணத்தில் பேராசிரியர் பெருமையாகச் சொன்னார். தர்மபுரிப் பாறைகளுக்கு ஏறக்குறைய 250 கோடி வருடம். அன்று நான் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தேன்.

குளிர்காலம் பற்றி ஏற்கெனவே பலர் எழுதிவிட்டார்கள், நான் சுருக்கமாகச் சொல்கிறேன். டிசம்பரில் சூரியன் காலை எட்டரைக்கு மேல் வந்து மாலை நான்குக்கு முன்பே போய்விடும். அக்டோபரிலிருந்து மார்ச் வரை தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்ளச் சொல்லி அரசாங்கமே அறிவுறுத்துகிறது. கறுத்த தோல் உள்ளவர்கள் வருடம் முழுக்கவே யோசிக்கலாம். மாத்திரை மலிவுதான், வாங்கிப் போடுங்கள். வெளிச்சம் இருக்கும் நேரத்தில் ஒரு சுற்று நடந்துவிடுங்கள், வகுப்பு இல்லாத நாளிலும். தாளிக்கும்போது சமையலறைக் கதவை மூடி, ஜன்னலைத் திறந்து வையுங்கள். இல்லையென்றால் தீ அலாரம் அடித்து மொத்தக் கட்டடமும் குளிரில் தெருவில் நிற்கும், காரணம் யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

என் நடை பெரும்பாலும் கேனன்கேட் தெருவில் போய் முடியும். அங்கே ஒரு சந்துக்குள் ஸ்காட்டிஷ் கவிதை நூலகம் இருக்கிறது. 1984இல் தொடங்கியது. கவிதைக்கு மட்டும் ஒரு நூலகம். உள்ளே போக, உட்கார்ந்து படிக்கக் காசு இல்லை, கதகதப்பாக இருக்கும். அறையில் ஹீட்டர் போட யோசிக்கிற மாணவர்களுக்கு இதன் அருமை தெரியும். அதற்குப் பக்கத்திலேயே கேனன்கேட் தேவாலயம். வாசலில் ஒரு இளைஞன் வேகமாக நடந்து போவதுபோல் வெண்கலச் சிலை, ராபர்ட் ஃபெர்குசன் என்ற கவிஞர். 1774இல், 24 வயதில், மனநோயாளிகளை அடைத்து வைக்கும் இடத்தில் இறந்துபோனவர். அவரைப் புதைத்த இடத்தில் பல வருடம் கல்லே இல்லை. அவருக்குப் பின் வந்த கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் எடின்பரோ வந்தபோது இதைப் பார்த்து வருத்தப்பட்டு, 1787இல் தேவாலயத்தில் அனுமதி கேட்டு, தன் செலவில் கல் வைக்க ஏற்பாடு செய்தார். கல்லில் உள்ள நான்கு வரியும் அவர் எழுதியதுதான். பளிங்கும் கிடையாது, ஆடம்பரமும் கிடையாது, இந்த எளிய கல்தான் வழிகாட்டும் என்கிற மாதிரி வரும்.

தர்மபுரிக்காரிக்கு இது புதிதில்லை. எங்கள் மாவட்டத்தில் நடுகல் இல்லாத பக்கம் குறைவு. தர்மபுரி அகழ்வைப்பகத்தில் வரிசையாக நிற்க வைத்திருக்கிறார்கள். ஆநிரை மீட்கப் போய் விழுந்தவன், கையில் வில்லும் வாளுமாக. அதியமான் இறந்தபோது ஔவை பாடிய பாட்டும் நடுகல்லைப் பற்றியதுதான், 232. கல்லுக்கு மயிற்பீலி சூட்டி, சின்னக் கலத்தில் கள்ளை வடித்து ஊற்றுகிறார்கள். ஒரு நாட்டையே கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளாதவன் இந்தக் கொஞ்சூண்டை வாங்கிக்கொள்வானா என்று கேட்கிறார். 206இல் அவன்மேல் அத்தனை கோபப்பட்டவர். நான் கேனன்கேட்டில் குளிரில் நின்றுகொண்டு அந்த இரண்டு பாட்டையும் அடுத்தடுத்து வாய்விட்டுப் படித்திருக்கிறேன். சுற்றுலாப் பயணிகள் விலகி நடந்தார்கள்.

பர்ன்ஸ் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வேறு. அந்தக் கல்லுக்குப் பில் ஐந்து பவுண்ட் பத்து ஷில்லிங். கல் வைத்தவர் இரண்டு வருடம் இழுத்தடித்தார். பர்ன்ஸ் பணம் கொடுக்க அதே அளவு இழுத்தடித்தார். அவர் வைக்க இரண்டு வருடம், நான் கொடுக்க இரண்டு வருடம், சரிக்குச் சரி என்று கடிதத்திலேயே எழுதியிருக்கிறார். கல்விக் கடன் வாங்கிய யாருக்கும் இந்த மனிதரைப் பிடித்துவிடும்.

அந்த ஊர்களில் கவிதை வாசிப்பு நிகழ்ச்சிகள் பல மதுக்கடை அடித்தளத்தில் நடக்கும். குடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை, ஆரஞ்சு ஜூஸ் வாங்கிக்கொண்டு உட்காரலாம். வாசலில் ஒரு தாளில் பெயர் எழுதினால் ஐந்து நிமிடம் கொடுப்பார்கள். நான் வீட்டில் 'நூலக நிகழ்ச்சி' என்றுதான் சொல்லியிருந்தேன். மேடை எனக்குப் பயமில்லை, எங்கள் தாத்தா திரௌபதி அம்மன் திருவிழாக் கூத்தில் வேஷம் கட்டியவர். விடிய விடிய நடக்கும் கூத்தில் தூங்கிப்போன கூட்டத்தை எழுப்பத் தெரிந்தவர். அவரிடம் கற்றது: முதல் வரியை யாருக்கும் கேட்காத குரலில் தொடங்காதே. அங்கே நான் செய்தது, முதலில் தமிழில் முழுதாகப் படிப்பது, அதன் பிறகு ஆங்கிலத்தில். கவிதைக்கு முன்னுரை இரண்டு வாக்கியம், அதற்கு மேல் இல்லை. நம்மவர்கள் கவிதையைவிட நீளமாக முன்னுரை சொல்வார்கள், அது அங்கே எடுபடாது. இங்கேயும் எடுபடுவதில்லை, நாகரிகத்துக்குப் பொறுத்துக்கொள்கிறோம்.

நான் அங்கே படித்தது ஊரைப் பற்றிய கவிதைதான். ஆனால் ஏக்கக் கவிதை இல்லை. எங்கள் பக்கத்து நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். அந்தக் கிழட்டுப் பாறைகளில் உள்ள கனிமங்களிலிருந்து கரைந்து வருவது. சுண்ணாம்புச் சத்து குறைந்து காரத்தன்மை கூடிய தண்ணீரில் இன்னும் அதிகமாகத் தங்கும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. தாண்டினால் வளரும் பிள்ளைகளின் பல்லில் மஞ்சள், பழுப்புக் கறை. இன்னும் அதிகமாகப் போய் பல வருடம் குடித்தால் எலும்பையும் பிடிக்கும். இதற்காகத்தான் ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013இல் தண்ணீர் விட்டார்கள். அதற்கு முன் வளர்ந்தவர்களின் பல் வளர்ந்தபடியேதான் இருக்கிறது. நான் படித்தது இது:

சித்தி சிரித்தால் முந்தானை வாய்க்கு வரும்.
கல்யாண வீடியோக்காரர் அதை நாணம் என்று நினைத்து
மெதுவாக ஓடவிட்டிருக்கிறார்.
போர்வெல் போட்டவர் சொன்னார், தண்ணி இனிக்குதும்மா.
இனித்தது.

படித்து முடித்ததும் ஒரு வயதான அம்மா வந்து, பர்ன்ஸ் பல்வலிக்கென்றே ஒரு கவிதை எழுதியிருக்கிறார், தெரியுமா என்றார். தெரியாது. அடுத்த வாரம் நூலகத்தில் தேடிப் படித்தோம், இருவரும் சேர்ந்து. அவர் வீட்டில் பிறகு பல ஞாயிறு சாப்பிட்டேன். ஆட்கள் இப்படித்தான் கிடைத்தார்கள். இன்னொருவர் மளிகைக் கடை வைத்திருந்த யாழ்ப்பாணத்துக்காரர். வழக்கமாக 'பிள்ளை, எந்த ஊர்?' என்று கேட்பார்கள். தர்மபுரி என்றால் முக்கால்வாசிப் பேருக்குச் சேலம் பக்கம் என்று விளக்க வேண்டும். அவர் மட்டும், 'அதியமான்ர ஊரோ?' என்றார். எனக்குத் தொண்டை அடைத்தது, கறிவேப்பிலைக்கு அவர் காசும் வாங்கவில்லை.

இந்தப் பல் விஷயமே என் ஆய்வேடாகவும் ஆனது. மத்திய நிலத்தடி நீர் வாரியம் வெளியிடும் தரவுகள் பொதுவில் கிடைப்பதால், களத்துக்கு வந்துபோகும் செலவு இல்லாமல் செய்ய முடிந்தது. பணம் குறைந்த மாணவர்கள் தலைப்பு தேர்வு செய்யும்போது இதைப் பாருங்கள்: ஊரைப் பற்றிய தலைப்பு, பொதுவில் உள்ள தரவு. என் வழிகாட்டிக்கு அடைமொழிகள் பிடிக்காது. முதல் அத்தியாயம் சிவப்புக் கோடுகளோடு திரும்பி வந்தது. 'மிகவும் தீவிரமான' என்பதை அடித்துவிட்டு, எத்தனை மில்லிகிராம் என்று ஓரத்தில் எழுதியிருந்தார். கவிதையில் நோட்டுப் புத்தகம் சொல்லிக் கொடுத்ததும் அதுதான் என்பதால் எனக்குச் சண்டை போடத் தோன்றவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு பத்தியையும் வாய்விட்டுப் படித்து, மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை வெட்டினேன். ஆங்கிலம் சுமாராக எழுதுகிறவர்களுக்கு இது பணம் செலவில்லாத பிழைதிருத்தம்.

அம்மாவுக்கு அந்தக் கவிதையைப் போனில் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. 'ஏங்கண்ணு, எழுத வேற எதுவும் கெடைக்கலியா? சித்தி கேட்டா என்ன நெனப்பா?' என்றார். நியாயமான கேள்வி. சித்தியிடமே கேட்டேன். பேர் போடாவிட்டால் சரி என்று சொல்லி, வீடியோக்காரரைப் பற்றி இன்னும் இரண்டு விஷயம் சொன்னார். அவை அச்சில் வராது.

இப்போது கிருஷ்ணகிரியில் வேலை, குடிநீர்த் திட்டம் சம்பந்தப்பட்டதுதான். தவணை ஓடுகிறது. வெளிநாடு போக நினைக்கும் பிள்ளைகள் சிலர் சனிக்கிழமைகளில் வந்து விண்ணப்பக் கட்டுரையைக் காட்டுவார்கள். அவர்களில் கவிதை எழுதுகிறவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: அக்கா, கவிதைப் போட்டியில் பரிசு வாங்கியதை அதில் போடலாமா? படிக்கப் போகும் பாடத்தோடு அது எங்காவது தொட்டால் ஒரே ஒரு வரி போடு. தொடாவிட்டால் வேண்டாம், அந்த இடத்தில் செய்த புராஜெக்ட்டைப் போடு. புத்தகத்தை மட்டும் தோள்பையில் வை, பெட்டியில் வைக்காதே, அம்மா எடுத்துவிடுவார்.